தில்லி அடுப்பில் உலகச் சமையல்: பயணத்தில் ருசித்ததை வீட்டில் கைவசமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வீடு திரும்பியதும், அங்கே ருசித்ததைச் செய்துபார்க்க வேண்டும் என்ற வேகம் பலருக்கும் வருகிறது. முதல் வாரத்தில் மீன் சாஸ், மிசோ என்ற புளித்த சோயா விழுது, தஹினி என்ற எள் விழுது, ஆலிவ் என்று வாங்கிக் குவிக்கிறோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் பாதி பாட்டிலாக நிற்கின்றன. ஐந்து நாட்டை ஒரே மாதத்தில் பிடிக்கப் பார்த்ததுதான் காரணம்.

நான் சொல்லவரும் முறை இது: ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு உணவு. அந்த உணவுக்கு அடித்தளம் எதுவோ, அரைத்த விழுதோ, சாறோ, சோறு வடிக்கும் பக்குவமோ, அதைக் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு விழுது கைவந்தால் அந்த நாட்டின் ஏழெட்டு உணவுகள் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஒருமுறை சமைத்துப் படம் எடுத்துவிட்டு அடுத்த நாட்டுக்குத் தாவினால் எதுவும் தங்காது.

இதை தில்லியில் இருந்து எழுதுகிறேன். ஆர்.கே.புரம், கரோல் பாக், முனீர்க்கா, மயூர் விஹார் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் இது. பிற நாட்டுச் சமையல் பழக இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஆஃப்கானியரும் திபெத்தியரும் இங்கே குடியிருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் சாமான் வாங்கும் இடத்தில் நாமும் வாங்கலாம், அவர்களிடமே சந்தேகம் கேட்கலாம். பாஸ்போர்ட் இல்லாதவர்கூட மெட்ரோ ஏறிப்போய் முதல் பாடத்தைத் தொடங்கிவிட முடியும்.

பயணம் போன ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

நாக்கின் ஞாபகத்துக்கு ஆயுள் குறைவு. ஊர் திரும்பிச் சில வாரங்களில் "புளிப்பாக, நன்றாக இருந்தது" என்ற அளவுக்கு அது மங்கிவிடும். ஆகவே சமையல் வேலை பயணத்திலேயே தொடங்குகிறது.

போன இடத்தில் ஒரு உணவைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதையே வெவ்வேறு கடைகளில், முடிந்தால் வெவ்வேறு நாளில், குறைந்தது மூன்று இடத்தில் சாப்பிடுங்கள். எல்லாக் கடையிலும் மாறாமல் இருப்பது அந்த உணவின் உயிர். கடைக்குக் கடை மாறுவது சமைப்பவர் கைமணம். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் வீட்டில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

சாப்பிட்ட உடனே ஐந்து விஷயம் குறித்துவையுங்கள். முதலில் நாக்கில் படுவது உப்பா, புளிப்பா, இனிப்பா, காரமா? புளிப்பு எதிலிருந்து வருகிறது: எலுமிச்சையா, புளியா, வினிகரா, புளித்த மாவா? கொழுப்பு எது: தேங்காய்ப்பாலா, எண்ணெயா, வெண்ணெயா? குழம்பு எவ்வளவு இறுக்கம், கரண்டியில் ஒட்டுகிறதா, வழிந்தோடுகிறதா? கூடவே என்ன வைத்தார்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென் வியட்நாமில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கிண்ணத்தோடு வரும் மூலிகைத் தட்டு இல்லாமல் ஃபோ முழுமையடைவதில்லை.

தட்டைப் படம் எடுப்பதைவிட பாத்திரத்தையும் அடுப்பையும் படம் எடுப்பது பயன்தரும். தீ எவ்வளவு உயரம், கடாய் எவ்வளவு அகலம், எண்ணெய் எவ்வளவு மிதக்கிறது என்பது பிறகு சமைக்கும்போது கேட்கப்போகும் கேள்விகள். காலையில் ஒருமுறை காய்கறிச் சந்தைக்கும் போய்வாருங்கள்.

மொழி தெரியாதே என்று தயங்குகிறவர்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தொடங்கலாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மீனும் காயும் தமிழிலேயே விலை கேட்டு வாங்கலாம், எப்படிச் சமைப்பது என்றும் கேட்கலாம். அங்குள்ள ஹாக்கர் எனப்படும் சிறு உணவுக்கடைக் கலாச்சாரத்தை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே கூரையின் கீழ் மலாய், சீன, தமிழ்ச் சமையல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்துப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

பெட்டியில் என்ன கொண்டுவருவது? முத்திரையிட்ட உலர்ந்த மசாலா, பனைவெல்லக் கட்டி, ஒரு சிறிய இடிகல் அல்லது மூங்கில் கூடை போதும். திரவ பாட்டில்கள் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள். பெரிய பெட்டியில், கசியாமல் இரண்டு உறைக்குள் வையுங்கள். விதை, செடி, பச்சைக் கிழங்கு, இறைச்சி வேண்டாம். விதைக்கும் செடிக்கும் இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் தேவை. அப்படி ஆசைப்படுகிற கிழங்கும் லெமன் கிராஸும் பெரும்பாலும் தில்லியிலேயே கிடைக்கின்றன.

நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பது

புதுப் பாத்திரம் வாங்கும் முன் இருப்பதைப் பாருங்கள். சட்னி ஜாடி உள்ள மிக்ஸி, தேங்காய்த் துருவி, இட்லிப் பானை, இரும்புக் கடாய், சின்ன இடிகல்: தென்கிழக்கு ஆசியச் சமையலில் பாதி இதற்குள் அடங்கிவிடும். இட்லிப் பானையில் மோமோ வேகும், வாழையிலையில் பொதிந்த தாய்லாந்து மீன் கட்டி வேகும். சைவ வீடுகளில் முட்டையோ மீனோ சமைக்கத் தனி இடம் வேண்டுமென்றால், ஒரு இண்டக்ஷன் அடுப்பும் ஒரு கடாயும் பால்கனியில் வைத்துக்கொள்வது வீட்டுப் பெரியவர்களுக்கும் நிம்மதி, சமைப்பவருக்கும் நிம்மதி.

புதிதாக ஒன்று வாங்குவதென்றால் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கைக்கணக்கு என்பது பழகிய உணவுக்குத்தான் பொருந்தும். பழகாத உணவில் கை பொய் சொல்லும், கிராம் சொல்லாது. அடி கனமான ஒரு பாத்திரம் இரண்டாவது. வீட்டு அடுப்பின் தீ சீனக் கடை அடுப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பதால் பெரிய வோக் வாங்கிப் பயனில்லை. இரும்புக் கடாயை நன்றாகக் காயவைத்து, இரண்டு பேருக்கான அளவை மட்டும் போட்டு வதக்கினால் நூடுல்ஸ் நீர்விடாது.

தில்லியில் எங்கே வாங்குவது

முதல் இடம் ஐஎன்ஏ மார்க்கெட். மஞ்சள் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கும் ஐஎன்ஏ நிலையத்தில் இறங்கினால் தில்லி ஹாட்டுக்கு எதிர்ப்புறம். லெமன் கிராஸ், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சை இலை, பாக் சாய் கீரை, மீன் சாஸ், மிசோ, அரிசி நூடுல்ஸ், மீன், இறால் எல்லாம் ஒரே சந்துக்குள் கிடைக்கும். தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்கவும் நம்மவர்கள் அங்கேதான் போவார்கள் என்பதால் ஒரே பையில் இரண்டு வேலையும் முடியும். பேரரத்தையைக் கடைக்காரர்கள் தாய் இஞ்சி என்பார்கள், மக்ரூட்டைக் காஃபிர் லைம் என்பார்கள். லெமன் கிராஸ் தண்டின் அடி தடித்து, அழுத்தினால் இறுகியிருக்க வேண்டும்.

உலர்ந்த மசாலாவுக்கு பழைய தில்லியில் ஃபதேபுரி மசூதியை ஒட்டிய காரி பாவ்லி. அன்னாசிப்பூ, வெள்ளை மிளகு, எள், உலர் பழம், சப்ஜா விதை, மிளகாய் வகைகள் இங்கே வாங்கினால் மணம் வேறு. காலையில் கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். மிளகாய் நெடிக்கு மூக்கை மூட ஒரு துணி எடுத்துப்போவது நல்லது.

லாஜ்பத் நகரில் ஆஃப்கானிய அடுமனைகள் இருக்கின்றன. நீள நான் ரொட்டியைச் சுடச்சுட வாங்கி அங்கேயே கொஞ்சம் பிய்த்துத் தின்றுபாருங்கள், பிறகு காபூலி புலாவ் சாப்பிடுங்கள். வடக்கே யமுனைக் கரையோரம் திபெத்தியர் குடியிருப்பான மஜ்னு கா டீலா. மாவைப் பிய்த்துப் போட்ட தென்துக் சூப்பும், லாஃபிங் என்ற குளிர்ந்த நூடுல்ஸும் அங்கே. மூத்த பெண்களை ஆமா-லா என்று மரியாதையாக அழைத்துக் கேட்டால் மாவு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். வடகிழக்கு மாநிலத்தாரும் கொரிய உணவுப் பிரியர்களும் வந்துபோகும் ஹுமாயூன்பூரில் கொரிய மிளகாய்த்தூளும் நோரி என்ற கடற்பாசித் தாளும் தேடலாம். நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானத்தில் நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியின் வெளிநாட்டு அரங்குகளையும் ஒரு சுற்று பார்த்துவருவது உண்டு.

முதல் பாடம்: தாய்லாந்துப் பச்சைக் கறி

தமிழ் வீட்டிலிருந்து வருபவருக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இந்தக் கறி. பொருள்களில் பாதி நமக்குச் சொந்தம், செய்முறையில் ஒரே ஒரு இடம் மட்டும் நம் பழக்கத்துக்கு நேர் எதிர். அந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் சிவப்புக் கறி, பனாங் கறி எல்லாம் வழிக்கு வந்துவிடும்.

நான்கு பேருக்கு விழுது: மல்லி விதை 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன் இரண்டையும் வறுத்து, வெள்ளை மிளகு அரை டீஸ்பூனோடு சேர்த்துப் பொடியுங்கள். பச்சை மிளகாய் 12 முதல் 15. லெமன் கிராஸ் 2 தண்டு, அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, மெல்லிய வட்டமாக. பேரரத்தை 15 கிராம். சின்ன வெங்காயம் 5, பூண்டு 6 பல். கொத்தமல்லி வேர் 4 அல்லது 5: தில்லியில் குளிர்காலக் கொத்தமல்லிக் கட்டு வேரோடு வரும், கழுவித் தனியே எடுத்துவையுங்கள்; தாய்லாந்து விழுதின் மணத்துக்கு இலையைவிட வேர்தான் முக்கியம். மக்ரூட் பழத்தோல் கிடைத்தால் கொஞ்சம், இல்லையென்றால் நான்கு இலையின் நடுநரம்பை உரித்துவிட்டு மெல்லியதாக நறுக்கிச் சேருங்கள். உப்பு 1 டீஸ்பூன். இறால் விழுது 1 டீஸ்பூன். சைவத்துக்கு அதே அளவு மிசோ.

மக்ரூட் இலை அகப்படாத நாளில் நார்த்தை இலையைப் பயன்படுத்தலாம். வேப்பிலைக்கட்டி இடிக்கிறவர்களுக்கு அந்த மணம் புதிதாக இராது. அளவை மட்டும் பாதியாக்குங்கள், கசப்பு ஏறிவிடும்.

அரைக்கும் வரிசை முக்கியம். நாருள்ளதும் கடினமானதும் முதலில்: லெமன் கிராஸ், பேரரத்தை, மக்ரூட், உப்பு. இவை மாவாகிய பிறகு மிளகாய், அதன்பின் வெங்காயமும் பூண்டும் வேரும், கடைசியில் பொடியும் இறால் விழுதும். இடிகல்லில் இருபது நிமிடம் ஆகும். மிக்ஸியில் அரைப்பதானால் தண்ணீருக்குப் பதில் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப்பால் விடுங்கள். தண்ணீர் விட்ட விழுது வதங்காது, வேகும். அதில் பச்சை வாடை போகவே போகாது.

இப்போது அந்த எதிரான இடம். திருநெல்வேலிச் சொதி வைக்கிறவர்கள் இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிடுவார்கள். திரிந்துவிடக் கூடாது என்பது நம் கவலை. தாய்லாந்தில் முதல் பால்தான் முதலில் கடாயில் விழும், அது திரிந்தே ஆக வேண்டும். ஒரு பெரிய தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான நீர் கொஞ்சமாக விட்டுப் பிழிந்த கெட்டிப் பால் ஒரு கப். நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் நுரைக்கும், பிறகு கெட்டிப்படும், பிறகு ஓரத்தில் தெளிந்த எண்ணெய் கண்ணாடிபோல் பிரியும். அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்க வேண்டும். வேறு எண்ணெய் சேர்க்காமல் இந்த நிலைக்கு வர ஐந்து முதல் பத்து நிமிடம். டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலில் பிரியாமல் இருப்பதற்கென்றே பொருள் சேர்த்திருப்பார்கள். அதில் இது எளிதில் நடக்காது. அப்போது ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு வதக்கிக்கொள்ளலாம், ஆனால் தேங்காய் வாங்கிப் பிழிவதே மேல்.

விழுதை நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். அடுத்த அறையில் இருப்பவருக்குத் தும்மல் வரும் நேரம் அது. பிறகு கோழித் துண்டோ கத்தரிக்காயோ போட்டுப் புரட்டி, இரண்டாம் பால் இரண்டு கப் ஊற்றி வேகவிடுங்கள். பச்சைச் சுண்டைக்காய் கிடைத்தால் ஒரு பிடி போடுங்கள். தாய்லாந்தில் இந்தக் கறியில் மிதக்கும் பட்டாணி போன்ற சிறு காய் நம் சுண்டைக்காயேதான். மீன் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, பனைவெல்லம் 2 டீஸ்பூன். கருப்பட்டியைப் போட்டால் நிறம் கறுக்கும், வெளிர் வெல்லம் நல்லது. சைவத்துக்கு சோயா சாஸும் கொஞ்சம் உப்பும்.

இறக்கும்போது ஒரு கை இனிப்புத் துளசி. இதற்குத் தில்லியில் அலைய வேண்டாம். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை திருநீற்றுப்பச்சிலையின் விதை. தாய்லாந்து இனிப்புத் துளசியும் அதே இனத்தின் இன்னொரு வகை. சோம்பு மணம் சற்றுக் குறையும், மற்றபடி தாராளமாக ஈடுகொடுக்கும். வெயில் வந்த பிறகு, மார்ச் கடைசியில் ஒரு தொட்டியில் தூவிவிட்டால் அக்டோபர்வரை இலை பறிக்கலாம்.

இந்தக் கறியை வாரம் ஒருமுறை, ஒரு மாதம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு வாரம் மிளகாயின் அளவு, அடுத்த வாரம் வதக்கும் நேரம். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் பாடம்: ஈரானியச் சோறும் அதன் காந்தலும்

குக்கருக்குப் பழகிய தலைமுறை மறந்த சோறு வடிக்கும் பழக்கத்தை ஈரானியர் இன்றும் விருந்துக்கே செய்கிறார்கள். ஆஃப்கானியரின் சலாவும் ஏறக்குறைய இதே வழி. கஞ்சி வடிக்கத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய பாஸ்மதி 2 கப். நீர் தெளியும்வரை கழுவி, உப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். 2 லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி உப்பு போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு அரிசியைப் போடுங்கள். ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். முனை வெந்து நடு மட்டும் விறைப்பாக இருக்கும் தருணத்தில் வடித்து, ஒருமுறை குளிர்ந்த நீரை ஊற்றி அலசிவிடுங்கள்.

குங்குமப்பூவை ஒரு சிட்டிகை சர்க்கரையோடு பொடித்து, இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துவையுங்கள். ஒரு கப் வடித்த சோற்றில் கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டியும் குங்குமப்பூ நீரில் பாதியும் கலந்து, 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்ட அடி கனமான பாத்திரத்தில் சமமாகப் பரப்பி அழுத்துங்கள். மீதிச் சோற்றை அதன்மேல் கோபுரமாகக் குவித்து, கரண்டிக் காம்பால் ஐந்தாறு துளை இடுங்கள், ஆவி ஏறுவதற்கு. நடுத்தரத் தீயில் பத்து நிமிடம். பிறகு மூடியைப் பருத்தித் துணியால் சுற்றி இறுக மூடி, மிகச் சிறு தீயில் 40 நிமிடம். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் நீர் திரும்பச் சொட்டிச் சோறு குழையாது. துணியின் முனை தீயில் தொங்காமல் மேலே முடிந்துவிடுங்கள்.

இறக்கியதும் பாத்திரத்தின் அடியை ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்து, தட்டைக் கவிழ்த்துத் திருப்புங்கள். பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வரும் அந்தக் காந்தலுக்கு ஈரானில் விருந்தாளிகளிடையே போட்டி நடக்கும். எங்கள் தில்லி வீட்டில் ராஜ்மாவுக்கும் இதுதான் துணை.

அதன்பிறகு, பருவம் பார்த்து

தில்லியில் மே மாதம் 45 டிகிரி, ஜனவரி இரவு 5 டிகிரி. இந்த வீச்சை எதிர்த்துச் சமைக்காமல் அதோடு சேர்ந்து சமையுங்கள்.

கொரியரின் காரமான புளித்த கோஸ் ஊறுகாயான கிம்ச்சிக்குக் குளிர்காலம். கொரியாவில் குடும்பமே கூடி ஆண்டுக்கான கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கமும் குளிர் தொடங்கும்போதுதான். யுனெஸ்கோ 2013இல் அதைப் பட்டியலில் சேர்த்தது. நாப்பா கோஸ் 1 கிலோவை நறுக்கி, கல் உப்பு 50 கிராம் தூவி இரண்டு மணி நேரம் புரட்டிப் புரட்டி வைத்து, இருமுறை அலசி வடியவிடுங்கள். அரிசிமாவு 1 மேசைக்கரண்டியை 150 மில்லி நீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, கொரிய மிளகாய்த்தூள் 40 கிராம், பூண்டு 20 கிராம், சிறு துண்டு இஞ்சி, மீன் சாஸ் அல்லது சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, முள்ளங்கிச் சீவல், வெங்காயத்தாள் சேர்த்துப் பிசையுங்கள். கண்ணாடி ஜாடியில் காற்று இல்லாமல் அழுத்தி, மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். டிசம்பரில் சமையலறை மேடையில் நான்கைந்து நாள், பிறகு ஃபிரிட்ஜ். வெயில் காலத்தில் ஒரே நாளில் புளித்துவிடும், அப்போது ஆழம் வராது. காஷ்மீரி மிளகாயைப் போட்டால் நிறம் வரும், ஆனால் கொரியத் தூளின் கொரகொரப்பும் லேசான இனிப்பும் வராது. இந்த ஒரு பொருளில் சிக்கனம் வேண்டாம்.

ஜப்பானிய தாஷிச் சாறுக்குத் தண்ணீர்தான் எல்லாம். தில்லியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். கொம்பு கடற்பாசியின் ருசி அதில் சரியாக இறங்காது. ஆர்ஓ நீர் 1 லிட்டருக்குக் கொம்பு 10 கிராம், உலர்ந்த ஷீட்டாகே காளான் இரண்டு. இரவெல்லாம் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்கி, கொதிக்கும் முன் கொம்பை எடுத்துவிடுங்கள். 1908இல் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் குளுட்டமேட் தரும் உமாமி என்ற ஐந்தாவது ருசியைக் கண்டறிந்தது இந்தக் கொம்புச் சாற்றில்தான். மீன் இல்லாத இந்தத் தாஷி, சைவ வீட்டில் ஜப்பானியச் சமையலுக்கான கதவு. மிசோவைக் கரைத்த பிறகு கொதிக்கவிடாதீர்கள், மணம் போய்விடும்.

கோடைக்கு ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுது. கடினநீரில் கொண்டைக்கடலை எத்தனை விசில் வைத்தாலும் தோல் விறைத்தே நிற்கும். ஊறவைத்த 200 கிராம் கடலையில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைப் பிசிறி வேகவைத்தால் விரலில் நசுங்கும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு மிக்ஸியில் கூழாகும்வரை ஓட்டினால் தஹினி வீட்டிலேயே தயார். அதில் 120 கிராம் வேண்டும். பூண்டை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறப்போட்டு அரைத்தால் காட்டம் இருக்காது. கடலையைச் சூட்டோடு அரைத்து, கடைசியில் ஐஸ் நீர் நான்கைந்து ஸ்பூன் விட்டு ஓட்டுங்கள். வெளுத்து, நுரைபோல் மென்மையாகும்.

நோட்டுப் புத்தகமும் விருந்தும்

சமைத்த அன்றே எழுதுங்கள்: தேதி, கிராம் கணக்கு, எந்தக் கடைப் பொருள், எவ்வளவு நேரம், சாப்பிட்டவர் சொன்ன ஒரு வரி. போன் குறிப்பைவிடச் சமையலறையில் கிடக்கும் மஞ்சள் கறை பட்ட நோட்டு உதவும், ஈரக் கையோடு புரட்டலாம்.

ஒரு உணவு கைவந்துவிட்டது என்று தோன்றியதும் அந்த ஊரைத் தெரிந்த ஒருவருக்குப் பரிமாறுங்கள். அலுவலகத்திலோ பிள்ளைகள் பள்ளியிலோ, பக்கத்து பிளாக்கிலோ இந்த ஊரில் அப்படி ஒருவர் அகப்படுவார். புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு நிறுத்திவிடாமல், "உங்கள் வீட்டில் இதில் என்ன வேறாக இருக்கும்?" என்று கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத திருத்தங்கள் அந்தக் கேள்விக்குத்தான் வரும்.

விருந்துக்கு அழைக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவது கடமை. சைவம்போல் தெரியும் பலவற்றில் மீனோ இறாலோ சிப்பியோ ஒளிந்திருக்கும்: தாய்லாந்து விழுது, கடைக் கிம்ச்சி, சிப்பி சாஸ், வூஸ்டர்ஷர் சாஸ். பார்மேசான் சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கப்படுவது. பாட்டிலைத் திருப்பிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் அந்த நாளில் விட்டுவிடுங்கள். எள், வேர்க்கடலை, இறால் மூன்றிலும் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மீந்ததில் கவனம் தேவை. சோற்றைத் தில்லிக் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மறுநாள் வறுத்த சோறு செய்வதானால் ஆறியவுடன் அகலத் தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். எண்ணெயில் ஊறிய பச்சைப் பூண்டை வெளியில் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். லெமன் கிராஸ், பேரரத்தை வில்லைகள், மக்ரூட் இலை மூன்றும் ஃப்ரீசரில் மாதக்கணக்கில் தாங்கும். பச்சைக் கறி விழுதை இரண்டு மடங்காக அரைத்து, ஐஸ் தட்டில் உறையவைத்துக் கட்டிகளை உறையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்குள், வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு வரும் நாளில், இரண்டு கட்டியும் ஒரு தேங்காயும் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார்.